டிரெய்லருக்குத் தம் போட்டவர்

பாலிக் புலாவில் கல்யாண விருந்து. சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்ட அந்தக் காலையில், எங்கள் டிரெய்லர் முதல்முறையாகச் சத்தம் போடாமல் வந்தது.

பிக்கப்பை ஓட்டியது நான். பக்கத்தில் என் வீட்டுக்காரர் காசிம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. அடுப்பு அவருடையது, வண்டி என்னுடையது என்று எங்கள் கேட்டரிங் வேலை அப்போதே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"கேட்டியா மைமூன்?" என்றார்.

"என்னத்தை?"

"ஒண்ணும் கேக்கல பாத்தியா. அதான்லா."

உண்மைதான். ஜார்ஜ் டவுனில் எங்கள் சந்திலிருந்து வெளியே வந்து, கடலோரச் சாலையில் ஏறி, பாயான் பாரு வரும்வரை ஒரு சத்தமில்லை. சாலை காலியாக இருந்ததால் பிரேக்கில் கால் வைக்கும் வேலையும் வரவில்லை. டிரெய்லர் பின்னால் இருக்கிறதா என்று நான்தான் அடிக்கடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். இருந்தது. பிரியாணி தேக்சாக்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, கயிற்றுக் கட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

பெண், என் அண்ணன் மகள் நஸ்ரீன். நிக்காஹ் முந்தின நாளே முடிந்துவிட்டது. அன்று மதியம் விருந்து மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையைப் பற்றிக்கூட யாரும் அவ்வளவு பேசவில்லை. பேச்செல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: காசிம் சமைத்ததைப் பெண்ணின் அத்தா, அதாவது என் அண்ணன், சாப்பிடுவாரா, மாட்டாரா?

நாக்கில் படாது

என் அண்ணன் சாகுல் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அங்கேதான் அடுப்படியில் நின்றார். அண்ணன் முன்னால், இவர் பின்னால். நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத் தட்டும் போகும், வசவும் போகும். இருவருக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு இவருக்குச் சொந்தமாக விருந்துச் சமையல் செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசைப்பட்டதில் தப்பில்லை. அதை அண்ணனிடம் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம்தான் நோன்பு தொடங்குவதற்கு முன்தினம். நோன்பு திறக்க வரும் கூட்டத்தால் கடையில் மூச்சுவிட நேரமில்லாத மாதம் அது.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "போறவன் போ. இனிமே உன் கைச் சோறு ஒரு பருக்கை என் நாக்குல படாது."

சொன்னது கோபத்தில். கடைப்பிடித்தது ரொம்ப நிதானமாக. பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். சலாம் சொல்வார். பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார். வெறும் தண்ணீர் குடிப்பார். பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஒன்று எடுப்பார், அதுவும் கடையில் வாங்கியதுதான் என்று லேபிளைப் பார்த்த பிறகு. அடுக்களையிலிருந்து ரெண்டாங் கறி மணம் வந்துகொண்டிருக்கும். இரண்டு ஆண்களும் மழையைப் பற்றியும் கடல் பாலத்து நெரிசலைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சண்டை போட்டிருந்தால் நடுவில் புகுந்து சமாதானம் செய்திருப்பேன். இவர்கள் மரியாதையாக இருந்தார்கள். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நஸ்ரீன்தான் அதில் கை வைத்தாள். பாயான் பாருவில் கம்பெனி வேலை, கையில் சம்பளம், அத்தாவிடம் பயமில்லை. கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே சொல்லிவிட்டாள்: "காசிம் மாமா பிரியாணி இல்லன்னா எனக்கு விருந்தே வேணாம்லா அத்தா. கேக்கை வெட்டிக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிடுங்க."

அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "சரி, விருந்தாளிங்க சாப்பிடட்டும்" என்றார்.

தன்னையும் அந்த விருந்தாளிகளில் சேர்த்துக்கொண்டாரா என்பது அந்தக் குரலிலிருந்து தெரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்துவிட்டு இன்னொரு கூடையை இழுத்து வைத்துக்கொண்டார்.

எல்லோரிடமும் ஒரு வைத்தியம்

இங்கே டிரெய்லரைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த்தில் ஐஸ் வியாபாரத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் பழசாக வாங்கியது அது. வாங்கி, பாலத்தின் வழியாக வீட்டுக்கு இழுத்து வந்தபோதே அதன் குணம் தெரிந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் கடகட. பிரேக் போட்டால் ஒரு டங். மறுபடி கிளம்பினால் இன்னொரு டங். பக்கத்து லேனில் போனவர்கள் கண்ணாடியை இறக்கி, ஏதோ கழன்று தொங்குகிறது என்று கையைக் காட்டினார்கள். நானும் தெரியும் தெரியும் என்று கையைக் காட்டினேன்.

எங்கள் சந்துக்குள் நாங்கள் நுழைவதற்கு முன்பே சத்தம் நுழைந்துவிடும். எதிர்வீட்டுச் சீன அம்மா அதைக் கேட்டதும் வெளியே வந்து பூந்தொட்டிகளை நகர்த்தி வழிவிடுவார். அவருக்கு அது வசதியாகவே இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. அவருக்குச் சத்தம் ஆகாது. கரண்டி தேக்சாவின் விளிம்பில் இடிபடக் கூடாது. சமைக்கும்போது ரேடியோ கூடாது. கொதியில் மூடி துள்ளினால் ஈரத் துணியைச் செருகி அடக்குவார். என்னையும் பேச்சைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். அது மட்டும் நடக்கவில்லை.

டிரெய்லர் சத்தத்துக்குப் பசாரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மீன்காரத் தம்பி, "பழைய செலிப்பரை வெட்டி நடுவுல வைங்கக்கா" என்றான். வைத்தோம். ஒரு பயணத்துக்குச் சத்தம் பாதியானது. அடுத்த பயணத்தில் செருப்பு துண்டு துண்டாகச் சாலையில் கிடந்தது. இன்னொருவர் கிரீஸ் பூசச் சொன்னார். கிரீஸ் சத்தத்தைக் குறைத்தது என்னவோ நிஜம். ஆனால் என் பட்டுச் சேலையில் ஒட்டிய கறுப்பு இன்றுவரை போகவில்லை.

வொர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்று நான் சொல்வேன். "அடுத்த வாரம்" என்பார். விருந்துச் சமையல்காரர்களுக்கு வரும் வாரமெல்லாம் கல்யாண வாரம்தான்.

மூடி வேறு, கப்ளிங் வேறு

அன்று காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டினார். எங்கள் வீட்டு பிரியாணியில் கடைசி வேலை தம் போடுவது. கறியும் அரை வேக்காட்டுச் சோறும் அடுக்கியானதும் மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றி ஈரத் துணியை முறுக்கித் திணித்து, மேலே தணலைக் கொட்ட வேண்டும். உள்ளே இருக்கும் ஆவி உள்ளேயே சுற்றிச் சோற்றை வேகவைக்கும். நன்றாகத் தம் போட்ட தேக்சாவில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது. பரிமாறும் இடத்துக்குப் போகும்வரை அதைத் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்.

தணலைத் தட்டிவிட்டு, துணி கலையாமல் தேக்சாக்களை ஏற்றிக் கட்டினோம். நான் உடை மாற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே குனிந்து நின்றார். கையில் சோறு கிளறும் கட்டைத் துடுப்பு.

பிக்கப்பின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று. அந்தக் கிண்ணம் குண்டின்மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ள வேண்டும். கப்ளிங் என்பது அதுதான். மிச்சமிருந்த தம் துணியைத் தண்ணீரில் நனைத்து, மடித்து, குண்டின்மேல் போர்த்தி, அதற்குமேல் கிண்ணத்தை இறக்கியிருந்தார். பூட்டும் பிடி மூட மறுத்தபோது துடுப்புக் கட்டையால் அடித்து மூடியிருக்கிறார்.

"தம் போட்டாச்சு" என்றார். அவரே சிரித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரிப்பது அபூர்வம் என்பதால் நானும் சிரித்தேன்.

இதில் என்ன பிசகு என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. பட்டர்வொர்த்தில் வண்டிச் சாமான் கடைக்காரர் ஒருவர் டார்ச் அடித்துக் காட்டினார். கிண்ணத்துக்குள் நாக்கு மாதிரி ஒரு சின்ன இரும்பு இருக்கிறது. அது குண்டின் அடிப்பக்கம் போய்ப் பிடித்தால்தான் பூட்டு. நடுவில் துணி வைத்தால் நாக்கு அடிக்குப் போகாது. பிடி மூடியதுபோல வெளியே தெரியும், உள்ளே கிண்ணம் சும்மா உட்கார்ந்திருக்கும். தேக்சா மூடியைப் பிடித்துவைப்பது அதன் கனம். மலையேறும் டிரெய்லரை எந்தக் கனமும் பிடித்துவைக்காது.

சத்தத்துக்கான மருந்து அந்தக் கிண்ணத்தின் அடியிலேயே இருந்தது. அங்கே ஒரு நட்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் நாக்கு குண்டை ஒட்டி வந்துவிடும். ரொம்ப இறுக்கினால் பிடி மூடாது, கொஞ்சம் தளர்த்த வேண்டும். அப்புறம், குண்டைத் தாங்கும் சதுரக் கம்பி பிக்கப்பின் அடியில் இருக்கும் குழாய்க்குள் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கடைக்காரர் ஒரு கிளாம்ப் போட்டு முடுக்கினார். டங் சத்தம் வந்தது அங்கிருந்துதான். அவ்வளவு நாளும் நாங்கள் வைத்தியம் பார்த்தது கடகடவுக்கு மட்டும்.

இப்போது மாட்டியவுடன் டிரெய்லரின் மூக்கருகே உள்ள சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கை உயர்த்திப் பார்க்கிறேன். கூடவே பிக்கப்பின் பின்புறமும் எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. எழும்பாவிட்டால் மறுபடி மாட்ட வேண்டும். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அமைதியில் வந்த பேச்சு

தெலுக் கும்பார் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கும். வழக்கமாக அந்த ஏற்றத்தில் டிரெய்லர் போடும் சத்தத்தில் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. அன்று பேச முடிந்தது. பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணன் சாப்பிடலன்னா என்னங்க செய்வீங்க?" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"சாப்பிடலன்னா என்ன. சோறு மிஞ்சிடவா போகுது."

வெளியே டுரியான் பழக்கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவற்றைப் பார்த்துக்கொண்டே, "நான் பந்தலுக்கு வரல மைமூன்" என்றார். "பின்னால தேக்சாகிட்டயே இருந்துக்கிறேன். நீ பரிமாறச் சொல்லு."

"எதுக்கு? நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

"தப்பு இல்லலா. நான் எதிர்ல நின்னா மச்சானுக்குச் சங்கடம். சாப்பிடணும்னு நெனச்சாக்கூட கை வராது. நான் கண்ணுல படலன்னா ஒருவேளை ஒரு வாய் வைப்பாரு."

என் அண்ணன் ஒரு வாய் சாப்பிடுவதற்காகத் தான் சமைத்த விருந்திலேயே ஒளிந்துகொள்ள இந்த மனிதர் தயாராக இருந்தார். எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. இவர்மேலும் வந்தது. இருவர் காதையும் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம்தான் வளைவில் ஒரு பள்ளம் வந்தது.

பின்னால் பெரிதாகச் சத்தம் ஒன்றும் இல்லை. தொப்பென்று ஓர் ஓசை, அவ்வளவுதான். ஆனால் என் காலடியில் வண்டி சட்டென்று இலேசாகிப்போனது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மூக்கு சாலையில் விழுந்து பொறி பறக்க உரசிக்கொண்டு வருகிறது. பாதுகாப்புச் சங்கிலி ஒன்று மட்டும் அதைப் பிடித்திருந்தது. அமுக்கிப் பிரேக் போட்டால் அது வந்து எங்களை இடிக்கும் என்று மட்டும் புத்தி சொன்னது. மெள்ள மெள்ள ஓரங்கட்டினேன். நின்றதும் கை பிரேக்கை இழுத்தேன்.

என் வீட்டுக்காரர் இறங்கி ஓடினார். கப்ளிங்கை அவர் பார்க்கவேயில்லை, தேக்சாக்களைத்தான் பார்த்தார். எல்லாம் முன்னால் சரிந்திருந்தன. ஒன்று மட்டும் கட்டு தளர்ந்து, மூடி விலகி, ஆவி வெளியே போய்க்கொண்டிருந்தது. மலை முழுக்க பிரியாணி மணம்.

மூக்கைத் தூக்கப் பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் அசையவில்லை. அவர் நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மச்சானுக்குப் போன் அடி."

எந்த வளைவு

நடந்ததை நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் குறுக்கே புகுந்து ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த வளைவு?"

கடை வேனை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். பெண்ணின் தகப்பன், வீடு நிறைய ஆள், புதுச் சட்டை, தலையில் சொங்கோக் தொப்பி. எங்களுக்கு அடிபடவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு சாலையில் கிடந்த துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"தம்" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

அண்ணன் அவரைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார். முகத்தில் சிரிப்போ என்னவோ வந்தது, அதைச் சட்டென்று அடக்கிக்கொண்டார். துணியை என்னிடம் நீட்டி, "வளைவுக்குப் போய் நில்லு. வர்ற கெரெத்தா லோரிக்கெல்லாம் காட்டு" என்றார்.

அதனால் பிறகு நடந்ததை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்த்தேன். வாசகர்கள் வீணாகப் பதற வேண்டாம். மூன்று பேருமாகத் தூக்கி, துணி இல்லாமல் மாட்டி, பழைய கடகடவோடு மிச்ச மலையை ஏறி, மதிய லுஹர் தொழுகை முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். விருந்தும் நல்லபடியாக நடந்தது. நான் எழுத உட்கார்ந்தது தூக்குவதற்கு முன்னால் அங்கே நடந்ததை.

மூக்கைத் தூக்க வேண்டுமானால் சரிந்த தேக்சாக்களை முதலில் பின்னுக்குத் தள்ள வேண்டும். இருவரும் டிரெய்லரின்மேல் ஏறினார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் கயிற்றை இறுக்கினார். பேச்சு கடையில் பேசிய மாதிரியே துண்டு துண்டாக வந்தது.

"ஒண்ணுதான் தொறந்துச்சா?"

"ஒண்ணுதான்."

"ஆவி போயிருக்குமே."

"பாதி போயிருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க வர்ற வரைக்கும்தான்."

மேல் சோறு வெந்ததா இல்லையா என்று யாராவது பார்த்தாக வேண்டும். வேகாத சோற்றைக் கல்யாணப் பந்தலில் வைக்க முடியாது. என் வீட்டுக்காரர் விருந்துச் சோற்றை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை, மூக்கு ஒன்றே போதும் அவருக்கு. அவர் குனிந்து முகர்ந்தார். ஆனால் அந்த வளைவில் முகரும் காற்றெல்லாம் பிரியாணியாக இருந்ததால் மூக்கும் உதவவில்லை போலும். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டார். மூடியை நகர்த்தினார். ஓரமாகக் கையை விட்டுக் கொஞ்சம் சோற்றை எடுத்து, ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். பிறகு கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் துணியை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். வளைவில் வந்த லோரி ஒன்று என்னைப் பார்த்து ஹார்ன் அடித்தது. என் வீட்டுக்காரர் கையில் கயிறு அப்படியே நின்றது. அண்ணன் மட்டும் எங்கேயோ பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.

"வெந்திருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். "உப்பு கம்மி."

என் வீட்டுக்காரர் தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு மச்சான்."

"எனக்குச் சொல்றியா நீ? கம்மிடா."

"மேல் சோறு அப்படித்தான் இருக்கும். அடியில எடுத்துப் பாருங்க."

அண்ணன் சூட்டை மதிக்காமல் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். கறித் துண்டும் சேர்ந்து வந்தது. அதையும் சாப்பிட்டார். தன் சபதம் அவருக்கு அந்த நேரம் ஞாபகம் இருந்ததா, அல்லது ஞாபகம் இருந்தும்தான் சாப்பிட்டாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"அடியிலயும் கம்மிதான்" என்றார் அண்ணன், விரலை நக்கிக்கொண்டே.

என் கண் நிறைந்துவிட்டது. நடுரோட்டில் நின்று அழுதுகொண்டே வண்டிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். துணி கலையாமல், நன்றாக மூடியிருந்த அடுத்த தேக்சாவின் பக்கம் குனிந்தார். அதன் தம்மைத் தன் கையாலேயே அவிழ்த்து, மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்ப இதைப் பாருங்க மச்சான்" என்றார்.